ஹேவ்லாக்கா, நீலா? அந்தமான் கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

சென்னையிலிருந்து விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். அதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை. அதற்கப்புறம் எந்தத் தீவில் தங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான பேக்கேஜ்களில் ஹேவ்லாக்குக்கு இரண்டு இரவு, நீலுக்கு ஒரு பகல் என்றுதான் இருக்கும். நீலில் காலையில் இறக்கிவிட்டு, மூன்று கடற்கரைகளை அவசரமாகக் காட்டி, மாலைக்குள் போர்ட் பிளேருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போய் வந்தவர்கள்தான் “நீல்ல பார்க்க ஒண்ணுமில்ல” என்கிறார்கள். அந்தத் தீவுக்கு இது அநியாயம். நீலுக்குப் போனால் ஒரு இரவாவது தங்க வேண்டும், இல்லையென்றால் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் த்வீப்’ ஆனது, நீல் ‘ஷஹீத் த்வீப்’ ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ‘ஸ்ரீ விஜய புரம்’ ஆனது. படகு டிக்கெட்டிலும் பலகைகளிலும் புதிய பெயர், மக்கள் பேச்சில் பழைய பெயர். இரண்டும் தெரிந்திருந்தால் ஜெட்டியில் (படகுத்துறையில்) முழிக்க வேண்டியதில்லை.

தூரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து இரண்டும் ஏறக்குறைய 40 கி.மீ. தனியார் கேட்டமரான் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டு, இரண்டரை மணி நேரம். அரசுப் படகின் கட்டணம் மிகவும் குறைவு, ஆனால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். தனியார் படகில் ஏசி உண்டு. கடல் கொஞ்சம் குலுங்கும் நாளில் மூடிய அறைக்குள் உட்கார்ந்திருப்பது சிலருக்கு வயிற்றைப் புரட்டும். வாந்தி வருகிற பழக்கம் இருந்தால், படகு கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீல் தீவின் நாளை நடத்துவது கடிகாரம் இல்லை, கடல்மட்டம். அந்தமான் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகமாக இருக்கும். நீலின் கரையைச் சுற்றிப் பவளப்பாறைகள். நீர் ஏறியிருக்கும்போது பரத்பூர் கடற்கரை கண்ணாடி போலக் கிடக்கும். குழந்தைகளோடு பயமில்லாமல் இறங்கலாம், கண்ணாடி அடித்தளப் படகில் பவளம் பார்க்கலாம். நீர் வற்றினால் அதே இடத்தில் படகுகள் தரைதட்டி நிற்கும், குளிக்க முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது. ஆனால் லக்ஷ்மன்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நீர் வற்றிய நேரத்தில் மட்டும்தான் ஒழுங்காக நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, சின்னச் சின்ன நண்டு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

அதாவது நீலை முழுதாகப் பார்க்க நீர் ஏறிய நேரம் ஒன்று, வற்றிய நேரம் ஒன்று, இரண்டும் வேண்டும். நான்கு மணி நேரம் நின்று போகிறவருக்கு ஏதோ ஒன்றுதான் வாய்க்கும். தங்கினால் இரண்டும் கிடைக்கும். அதோடு லக்ஷ்மன்பூர் முதல் கடற்கரையில் சூரிய அஸ்தமனம், மறுநாள் விடியலில் சீதாபூரில் சூரிய உதயம். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். வழியெல்லாம் வாழை, பாக்கு, காய்கறித் தோட்டம். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தீவு இது.

ஹேவ்லாக் வேறு மாதிரி. இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. ராதாநகர் கடற்கரை ஜெட்டியிலிருந்து சுமார் 12 கி.மீ. மேற்குக் கரையில் இருக்கிறது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் நிம்மதி, ஆட்டோ என்றால் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். அடியில் பாறை இல்லாத மணல் என்பதால் நீர் ஏறினாலும் வற்றினாலும் குளிக்கலாம். மரங்கள் வானுயர நிற்கும் காட்டை ஒட்டி வெள்ளை மணல் வளைந்து கிடக்கும் அந்த அழகுக்கு நீலில் ஈடு கிடையாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அங்கே போகும் நேரத்தைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். அந்தமானும் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது, ஆனால் வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். மெரினாவுக்குப் போவது போல ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம். மூன்று, மூன்றரைக்கே ராதாநகரில் இருங்கள்.

அறை பதிவு செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஹேவ்லாக் ரிசார்ட்டுகளில் பல கிழக்குக் கரையில், மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைகளில் இருக்கின்றன. அங்கேயும் நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். இணையதளத்தில் இருக்கும் படம் நீர் ஏறிய நேரத்தில் எடுத்தது. ‘கடலோர அறை’ என்று கூடுதல் பணம் கேட்டால், குளிக்க எத்தனை மணிக்குத் தண்ணீர் இருக்கும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடலுக்கு அடியில் என்று வந்தால் ஹேவ்லாக்தான், பேச்சே இல்லை. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற பெயர்பெற்ற டைவிங் இடங்கள் அதன் பக்கத்தில் இருக்கின்றன, பயிற்சி நிலையங்களும் அங்கேதான் அதிகம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்றுநர் கையோடு பிடித்துக் கூட்டிப்போகும் அறிமுக டைவ் உண்டு. நீலிலும் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு மூழ்கும் டைவிங், செய்யலாம், ஆனால் தேர்ந்தெடுக்க அவ்வளவு இருக்காது. எங்கே செய்தாலும் டைவ் முடிந்து 18 மணி நேரத்துக்குள் விமானம் ஏறாதீர்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். மூச்சுக்குழாயோடு மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கெலிங் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஹேவ்லாக்கில் எலிஃபண்ட் பீச். படகில் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். பெயரைப் பார்த்து யானையை எதிர்பார்க்க வேண்டாம். கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானை 2016-இல் இறந்துவிட்டது.

செல்போன் சிக்னலிலும் ஹேவ்லாக் முன்னால் நிற்கிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் அங்கே வரை போகிறது. நீலில் இணையம் தடுமாறலாம் என்று எண்ணி, ரொக்கம் கையில் வைத்திருங்கள். சாப்பாடு நீலில் எனக்குப் பிடிக்கும். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் இரண்டு தீவிலும் அதிகம். நீல் பஜாரின் சின்னக் கடைகளில் சோறும் மீன் குழம்பும் வீட்டுச் சாப்பாடாகவே இருக்கும். போர்ட் பிளேரில் தமிழ் பேசிச் சமாளிக்கலாம். இந்தத் தீவுகளில் வங்காளமும் இந்தியும்தான்.

இரண்டு தீவுக்கும் பொதுவான எச்சரிக்கை: முதலைப் பலகை வைத்த இடத்தில் இறங்கவே கூடாது. 2010-இல் ராதாநகர் பக்கத்தில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. சதுப்புக் காடும் ஓடை முகமும் அதன் இடம். அப்புறம், கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக் குழந்தை பையில் போட்டால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

டைவிங் ஆசை உள்ளவர்கள், முதல் முறை போகும் இளம் ஜோடிகள், கடைகண்ணி, கலகலப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஹேவ்லாக். வயதான பெற்றோரும் சின்னக் குழந்தைகளுமாகப் போகிறவர்களுக்கு நான் நீலையே சொல்வேன். ஜெட்டியிலிருந்து பரத்பூருக்கு நடந்தே போய்விடலாம், அலைச்சல் இல்லை. மொத்தம் மூன்று இரவு இருந்தால் ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் ஒன்று. இரண்டு இரவுதான் என்றால் ஒரே தீவில் இருந்துவிடுங்கள், மூட்டை கட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

எந்தத் தீவானாலும் கடைசி இரவு போர்ட் பிளேரில் இருங்கள். காற்று கொஞ்சம் வலுத்தாலே படகை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தத்தால், இந்த இரண்டு தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படை போய்த்தான் மீட்டது. டிசம்பர் பாதிக்கு மேல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அந்த மாதங்களிலும், காலைப் படகில் வந்து மதிய விமானம் பிடிக்கலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.