ஒலுதெனிஸ் பாராகிளைடிங்: மாட்டப்படாத ஒரு தொடைப் பட்டையும் 280 யூரோவும்

துருக்கியின் தென்மேற்குக் கரையில், முவ்லா மாகாணத்து ஃபெத்தியே நகரத்தை ஒட்டி இருக்கும் ஒலுதெனிஸுக்குப் போய், கடலைப் பார்த்து நிற்கும் பாபாதா மலையிலிருந்து டேண்டம் பாராகிளைடிங் செய்வது, அதாவது பைலட் ஒருவரோடு இணைந்து இறக்கைத் துணியில் பறப்பது, இப்போது நம்மவர்கள் பலரின் பயணத் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. 2024 மே மாதம் நானும் தோஹாவில் வேலை பார்க்கும் என் தம்பியும் அதற்காகவே அங்கே மூன்று நாள் தங்கினோம். அந்த மூன்று நாளில் ஒரு நிறுவனம் எங்களை நடத்திய விதத்தை, அடுத்து அங்கே போக இருப்பவர்களுக்கு ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த கடையிலும் இதையே செய்யலாம் என்பதால், செய்த முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

அந்த ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பாபாதா மலையின் உச்சி 1,969 மீட்டர். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நேராக எழும் மலை அது. பறக்கப் புறப்படும் தளங்கள் 1,200, 1,700, 1,800, 1,900 மீட்டர் உயரங்களில் இருக்கின்றன. 2021இல் ரோப் கார் வந்த பிறகு, ஒவாஜிக் பக்கத்திலிருந்து பெட்டியில் ஏறி 1,200க்கும் அங்கிருந்து 1,700க்கும் போய்விடலாம். அதற்கு மேலே நாற்காலி லிஃப்ட் இருக்கிறது. இறங்குவது பெல்ஜெகிஸ் கடற்கரையில். எந்தத் தளத்திலிருந்து புறப்படுகிறோம் என்பதுதான் எவ்வளவு நேரம் காற்றில் இருப்போம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்திருப்பேன்.

கடற்கரை நடைபாதையில் வரிசையாகக் கடைகள். ஒரு கடை வாசலில் நின்ற இளைஞர் என்னை "அப்லா, அப்லா" என்று அழைத்தார். துருக்கியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தம்பி சொன்னபோது மனம் இளகிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆளுக்கு 120 யூரோ, மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பறப்பு, 1,700 மீட்டர் தளம், 35 நிமிடம், புகைப்படம் உள்பட எல்லாம் சேர்த்து என்று வாயால் சொன்னவர், கேட்டதும் வாட்ஸ்அப்பிலும் அதையே ஆங்கிலத்தில் அனுப்பினார். முன்பணமாக 100 யூரோவை ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, நாளை முழுப் பணம் கட்டும்போது சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். அந்த ரசீது இன்று வரை வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனால், பதினொன்று என்றார்கள். பிறகு ஒரு மணி என்றார்கள். கடைக்குள் எங்களைப் போலவே ஒத்திவைக்கப்பட்டவர்கள் பதினைந்து பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கையில் இருக்கும் பைலட்டுகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் சேர்த்திருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. காலையில் மலைச் சரிவில் காற்று மென்மையாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சூடான காற்று கீழிருந்து மேலெழுந்து, கடற்காற்றோடு சேர்ந்து குலுக்கல் கூடும். முதல் முறை பறக்கிறவர்கள் காலை நேரத்தைக் கேட்டு வாங்குவது இதனால்தான். எங்களுக்குக் கிடைத்தது பிற்பகல் இரண்டு மணி.

காத்திருந்த நேரத்தில் மீதி 140 யூரோவைக் கார்டில் கட்டச் சொன்னார்கள். மெஷினை நீட்டிய பெண், திரையில் வந்த கேள்விக்கு அவரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, எண் போடுவதற்கு மட்டும் என்னிடம் தந்தார். பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்தால், யூரோவில் போக வேண்டிய தொகை இந்திய ரூபாயிலேயே எடுக்கப்பட்டிருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 12,600 ரூபாய் ஆக வேண்டியதற்கு 13,480 ரூபாய். நம் நாட்டுப் பணத்தில் கட்டலாமா என்று வெளிநாட்டு மெஷின் கேட்பது வசதிக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மாற்று விகிதத்தை அவர்கள் பக்கமே முடிவு செய்துகொள்வதற்கான வழி அது. எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையோ, விலை பேசிய பணத்தையோ நீங்களே அழுத்துங்கள். பிறர் கையில் மெஷின் இருக்கும்போது திரையைப் பார்க்காமல் இருந்தது என் தவறு.

பிறகு துருக்கி மொழியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். உடல்நலம் சம்பந்தப்பட்ட வழக்கமான தாள் என்றார்கள், வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, போட்டுவிட்டேன். மாலையில் தம்பி, எங்களிடம் இருந்த நகலைக் கைபேசிக் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்தான். புறப்படும் உயரமும் பறக்கும் நேரமும் பைலட்டின் முடிவுக்கு உட்பட்டவை, மலைக்குப் போன பிறகு பணம் திரும்பாது, படங்களுக்குக் கட்டணம் தனி என்று அதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் சொன்ன ஒவ்வொன்றையும் அந்தத் தாள் ரத்து செய்திருந்தது.

ரோப் கார் நிலையத்தில், மலைக் கட்டணம் என்று ஆளுக்கு 20 யூரோ தனியாகக் கேட்டார்கள். எல்லாம் சேர்த்து என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, அது பறப்புக்கு மட்டும் என்று பதில் வந்தது. அவ்வளவு தூரம் வந்துவிட்டு யார் திரும்புவார்கள்? கொடுத்தோம். 1,200 நிலையத்தில் எங்களை இறங்கச் சொன்னார்கள். உச்சியைச் சுற்றி மேகம் இருந்தது உண்மை. மேகம் மூடினால் கீழ்த் தளத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அதே நேரத்தில் வேறு நிறுவனங்களின் பயணிகள் அதே ரோப் காரில் 1,700க்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது எங்கள் ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவே.

தளத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்கவிடவில்லை. தலைக்கவசத்தை மாட்டி, உடலைத் தாங்கும் பட்டைகள் கொண்ட ஹார்னஸைத் தோளில் ஏற்றி, மார்புப் பட்டையைப் பூட்டி, என்னைச் சரிவைப் பார்த்து நிறுத்தினார்கள். பைலட் பின்னால் நின்று, என்னைத் தன்னோடு இணைக்கும் காராபினர்களை, அதாவது உலோகக் கொக்கி வளையங்களை, மாட்டினார். உதவியாளர் இறக்கைத் துணியை விரித்துக்கொண்டிருந்தார். "ஓடு, உட்காராதே, ஓடிக்கொண்டே இரு" என்ற மூன்று சொற்கள்தான் எனக்குத் தரப்பட்ட பயிற்சி. எனக்குப் பத்தடி தள்ளித் தன் முறைக்காக நின்றபடி கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த தம்பி திடீரென்று கத்தினான்: "அக்கா, உன் தொடைப் பட்டை தொங்குது பார்!"

குனிந்து பார்த்தேன். இடது காலின் பட்டை தொடையைச் சுற்றாமல் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கிள் காற்றில் ஆடி என் காலணியில் இடித்துக்கொண்டிருந்தது. வலது காலின் பட்டை சுற்றியிருந்தது, அதுவும் பூட்டப்படவில்லை. உதவியாளர் ஓடி வந்து இரண்டையும் பூட்டினார். பைலட் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் "கோஷ், கோஷ்" என்று ஓடச் சொல்லும் குரல் கேட்டது, ஓடினேன், தரை போய்விட்டது.

தொடைப் பட்டைகள் என்ன செய்கின்றன என்பது பறந்து முடித்த பிறகுதான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. காற்றில் எழுந்ததும் உடலின் எடை முழுவதும் ஹார்னஸில் தொங்குகிறது. தொடைகளைச் சுற்றிய பட்டைகள்தாம் உடம்பு கீழே நழுவிப் போகாமல் தாங்குகின்றன. அவை இல்லாவிட்டால், மார்புப் பட்டையையும் அக்குளையும் மட்டும் நம்பித் தொங்க வேண்டும். பட்டையைப் பூட்ட மறப்பது பாராகிளைடிங்கில் நன்கு அறியப்பட்ட ஆபத்து. அதனால்தான் புதிய ஹார்னஸ்கள் பலவற்றில் மார்புப் பட்டையும் கால் பட்டைகளும் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன. ஒன்றைப் பூட்டி மற்றதை மறக்க முடியாது. எனக்குத் தந்தது அவை தனித்தனியாக இருக்கும் பழைய வகை. துணி வெளுத்து, ஓரம் நைந்திருந்தது.

காற்றில் ஏறியபின் கண்ட காட்சியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நீல உப்பங்கழியும் அதை அணைத்த கும்புர்னு மணல்திட்டும் அவ்வளவு அழகு. அந்த அழகைப் பார்க்க எனக்கு நேரம் தரப்படவில்லை. சில நிமிடங்களில் பைலட், "ஆக்ரோ?" என்று, அதாவது காற்றில் சுழலும் வித்தை வேண்டுமா என்று, கேட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். ஏதோ கூடுதலாகத் தருகிறார் என்று எண்ணித் தலையாட்டினேன். சுழன்று சுழன்று இறங்கத் தொடங்கினோம். கடலும் மலையும் மாறி மாறித் தலைக்கு மேலே வந்தன. வயிறு புரண்டு, கண் ஓரங்கள் இருண்டன. நிறுத்தச் சொல்லி இரண்டு முறை கத்திய பிறகே நேராக்கினார்.

நான் பள்ளியில் கணிதம் நடத்துகிறவள். அறைக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலெழும் காற்று கிடைக்காவிட்டால் இருவரைச் சுமக்கும் பாராகிளைடர் வினாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும். 1.2 மீட்டர் என்று வைத்தால் 1,200 மீட்டர் தளத்திலிருந்து 17 நிமிடத்துக்குள், 1,700இலிருந்து 24 நிமிடத்துக்குள் தரை வந்துவிடும். 35 நிமிடம் என்ற வாக்கு, காற்று தூக்கிக்கொடுத்தால் மட்டுமே நிறைவேறக்கூடியது. சுழன்று இறங்கும்போதோ நிமிடங்களில் இழக்க வேண்டிய உயரம் வினாடிகளில் போய்விடுகிறது. என் கைக்கடிகாரத்தின்படி நான் காற்றில் இருந்தது 12 நிமிடம். தம்பி 13. பரிசு என்று நான் நினைத்த சுழற்சி, அடுத்த பயணியிடம் சீக்கிரம் போவதற்கான குறுக்கு வழியாக இருந்தது. நாங்கள் தரையில் கால் வைத்ததும் பைலட் துணியைச் சுருட்டிக்கொண்டு, காத்திருந்த வேனுக்கு ஓடியதை நானே பார்த்தேன். அவரையும் யாரோ விரட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இறங்கியவர்களைக் கடைக்குள் அழைத்துப்போய்ப் பெரிய திரையில் படங்களை ஓட்டினார்கள். வேண்டுமானால் ஆளுக்கு 50 யூரோ. புகைப்படம் உள்பட என்று சொன்னீர்களே என்றதற்கு, படம் எடுப்பது இலவசம், எடுத்ததைத் தருவதற்குத்தான் பணம் என்று கலங்காமல் பதில் சொன்னார்கள். வாங்கவில்லை. முதல் நாள் அப்லா என்று அழைத்த இளைஞர் அன்று எங்களைப் பார்த்ததும் உள்ளறைக்குள் போய்விட்டார்.

அன்று இரவு வாட்ஸ்அப்பைத் திறந்தால், அந்த இளைஞர் அனுப்பிய செய்தி நீக்கப்பட்டிருந்தது. 1,700, 35 நிமிடம், புகைப்படம் என்ற செய்தியை நான் ஏற்கெனவே தம்பிக்கு அனுப்பியிருந்ததால் அந்தப் பிரதி மட்டும் மிஞ்சியது. இப்படிப்பட்ட செய்தி வந்த அந்தக் கணமே திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து வங்கியில் புகார் கொடுத்தேன்; நான் கையெழுத்திட்ட தாளை அந்த நிறுவனம் அனுப்பிவிட்டதால் புகார் நிராகரிக்கப்பட்டது. பயணக் காப்பீட்டையும் அப்போதுதான் முழுதாகப் படித்தேன். சாகச விளையாட்டுகளுக்குத் தனியாகக் கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும், நான் எடுக்கவில்லை. அன்று ஏதாவது நடந்திருந்தால் மருத்துவச் செலவு முழுவதும் எங்கள் தலையில்தான்.

அங்கே எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கடற்கரைக்குப் போகாமல், பார்ப்பதற்காக மட்டும் ரோப் காரில் 1,700க்குப் போனோம். அங்கே வேறொரு நிறுவனத்தின் பைலட், எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரின் முன் மண்டியிட்டு, இரண்டு தொடைப் பட்டைகளையும் இழுத்துப் பார்த்து, மார்புப் பட்டை, காராபினர், தலைக்கவச வார் என்று ஒவ்வொன்றையும் தொட்டு வாய்விட்டுச் சொல்லி, பிறகு உதவியாளரையும் அதையே மறுபடி செய்யச் சொன்னார். காற்று ஒரு பக்கமாகத் திரும்பியதும் இருபது நிமிடம் காத்திருந்தார். அந்த அம்மையார் புறப்பட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பட்டைகளைச் சரிபார்க்க ஆன நேரம் இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தை எனக்குத் தரவில்லை.

போகிறவர்கள், நடைபாதையில் அழைப்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், கடையில் துருக்கிப் பயண முகவர் சங்கமான டுர்சாப்பின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் மாறினால் எவ்வளவு குறைத்துக்கொள்வார்கள், மலைக் கட்டணம் யாருடையது, படங்களுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முன்பணத்துக்கு ரசீது இல்லை என்றால் முன்பணமும் வேண்டாம். மலையில், மார்புப் பட்டையும் இரண்டு தொடைப் பட்டைகளும் பூட்டியிருக்கின்றனவா என்று உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஓடாதீர்கள். யார் கத்தினாலும் அங்கேயே நில்லுங்கள்.

தம்பி எடுத்த காணொளி 11 வினாடி ஓடுகிறது. என் இடது காலில் பக்கிள் ஆடுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், இதைப் பாருங்கள், உங்கள் பைலட்டுகளிடம் காட்டுங்கள் என்று மட்டும் எழுதி அதை அந்த நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்பினேன். அன்றைக்கே இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை.