நெஸ்ட்: அண்டக்கதிரின் தினசரி ஏற்ற இறக்கம் பார்க்க

அண்டக்கதிர் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்களை எண்ணுவது நியூட்ரான் மானிட்டர். அவற்றின் தரவுத்தளம் தரும் நெஸ்ட் என்ற இந்த இலவச இணையக் கருவியில், பின்லாந்தின் ஓலு நிலையத்தை வைத்துத் தொடங்குவது நல்லது. அங்கே நிமிடத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேல் எண்ணிக்கை பதிவாகிறது. ஆனாலும் நிமிடத் தரவில் புள்ளியியல் இரைச்சலே ஒரு சதவீதத்துக்கு மேல். தேடும் தினசரி அலையோ 0.3 முதல் 0.5 சதவீதம்தான். அதனால் ஒரு மணி நேரச் சராசரியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாளாவது எடுங்கள்.

பலரும் சறுக்குவது காற்றழுத்தத்தில். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறினால் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் குறையும். திருத்தாத தரவில் தெரிவது வானிலைதான், விண்வெளி அல்ல. அழுத்தத்துக்கும் கருவித்திறனுக்கும் திருத்திய தரவையே எடுங்கள்.

நேரம் உலகப் பொது நேரத்தில் வரும். அதோடு 1.7 மணி கூட்டி ஓலுவின் சூரிய நேரத்துக்கு மாற்றினால், உச்சம் பெரும்பாலும் பிற்பகலில் விழும். சூரியப் புயலால் கதிர்வீச்சு சட்டென்று சரியும் ஃபோர்புஷ் நாட்களை நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள், இல்லையென்றால் அலை சிதைந்துவிடும்.

வரைபடம் பழைய பாணிதான். ஆனால் எண்களை வெறும் உரையாகவே தருவது பெரிய வசதி, நேராக விரிதாளில் ஒட்டலாம்.