பழுது பார்த்த வால்வு ரேடியோ: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகளில் ஓடும் பழைய ரேடியோ கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, 'வால்வு கிடைக்குமா?' என்பதைத்தான். ஒரு ரேடியோவைச் சரிசெய்து பல வருடங்களாகத் தினமும் கேட்டுவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வால்வுக் கவலை அப்புறம்; முதலில் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்களைப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது 1950களின் கடைசியில் வந்த வகை. அதிலுள்ள வால்வுகள்: ஸ்டேஷன் சிக்னலைக் கையாளும் இசிஎச்81, இஎஃப்89, ஒலியைப் பெருக்கும் இபிசி81, ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84, ஏசியை டிசியாக்கும் இஇசட்80, டியூனிங் காட்ட இஎம்80. வரும்போது இருந்த அதே வால்வுகள்தான் இன்றும் ஓடுகின்றன. மாற்றியதெல்லாம் மெழுகுக் காகிதக் கண்டன்சர்களையும் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டன்சர்களையும்தான்.

அதிலும் இபிசி81-இன் ஆனோடிலிருந்து (வால்வுக்குள் இருக்கும் தகடு) இஎல்84-இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போகும் அந்த ஒரு கண்டன்சர் மிக முக்கியம். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், தகடு சிவக்கும். வால்வு போனால் வேறு போடலாம். கூடவே வால்வை ஸ்பீக்கருடன் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோனால் அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் 'பாடுகிறதா பார்ப்போம்' என்று நேராக பிளக்கைச் செருகவே கூடாது. பழையதை எடுத்துவிட்டு 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போட்டு, 60 வாட் குண்டு பல்பை சீரியலில் இணைத்துத்தான் முதல் தடவை ஆன் செய்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்டேஷன்களைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப் டிரான்ஸ்பார்மர்களின் கோர்களை, அதாவது திருகிச் சரிசெய்யும் உள் துண்டுகளை, தொடவில்லை. ஸ்டேஷன்கள் டயலில் சரியான இடத்தில் விழும்போது அதைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. பழைய ஃபெரைட் கோர் சட்டென்று உடையும்.

பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 220-இல் இருந்தது. வீட்டு மின்சாரம் 240-ஐ ஒட்டியே வருவதால் மேல் நிலைக்கு மாற்றினேன். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரில் அளந்தால் இப்போது 6.3 வோல்ட். வால்வுகள் இவ்வளவு காலம் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேட்கும் அனுபவம்? பேச்சுக் குரல் அவ்வளவு இதமாக இருக்கிறது. மரப்பெட்டியும் பெரிய ஸ்பீக்கரும் சேர்ந்து தரும் அந்தக் கனத்தைச் சின்ன ரேடியோக்களில் நான் கேட்டதில்லை. ஆனால் உயர் ஸ்வரங்கள் மழுங்கித்தான் வரும். ஷார்ட் வேவில் சூடேறும் வரை ஸ்டேஷன் நகர்ந்துகொண்டே இருக்கும். கால் மணி நேரம் போனால் நின்றுவிடும். மீடியம் வேவில் எல்இடி விளக்குகளும் போன் சார்ஜர்களும் போடும் இரைச்சல்தான் பெரிய தொல்லை. வீட்டுக்கு வெளியே நீளமான ஏரியல் கம்பி கட்டி, நல்ல எர்த் கொடுத்த பிறகு பெருமளவு குறைந்தது. இஎம்80-இன் பச்சை வெளிச்சம் மங்கி, இரவில் மட்டும்தான் தெரிகிறது. காதால் டியூன் செய்யலாம் என்பதால் அதை மாற்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. யுசிஎச்81, யுஎல்84 என்று 'யு' வரிசை வால்வுகள் கொண்ட செட்களில் பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் தனியாக இருக்காது. உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே மெயின்ஸ் மின்சாரம் இருக்கலாம். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அவற்றைத் திறந்து வேலை செய்யாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை பின்மூடியைக் கழற்றி வால்யூம் கண்ட்ரோலுக்கும் பேண்ட் சுவிட்சுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு ஆன் செய்து, இஎல்84-ஐ மீட்டரால் பார்க்கிறேன். போன முறையும் கிரிட்டான இரண்டாம் பின்னில் (வால்வின் அடிக்கம்பி) பூஜ்யம், அதாவது கண்டன்சர் கசியவில்லை; கேத்தோடான மூன்றாம் பின்னில் 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். இருக்க வேண்டிய அளவும் அதுதான்.