வேபேக் மெஷின்: பின்னால் மட்டுமே போகும் கால இயந்திரம்

சாட்ஜிபிடி வெளியான நாள் 2022 நவம்பர் 30. அதற்குப் பின் இணையத்தில் வந்த எதையும் ஆள் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று அடித்துச் சொல்ல முடிவதில்லை. அந்தத் தேதிக்கு முந்தைய இணையத்துக்குப் போக, இணையப் பக்கங்களை அவ்வப்போது நகலெடுத்துச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின்தான் கைகொடுக்கிறது. 2001 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, காசு கிடையாது. தளம் அப்போதே இருந்திருந்தால் 1996 வரைகூடப் பின்னால் போகலாம்.

தளத்தின் முகவரியை இட்டால், சேமித்த நாட்களில் வண்ண வட்டமிட்ட நாட்காட்டி வரும். நீல வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பச்சை வேறு முகவரிக்குத் தள்ளிவிடும். ஆரஞ்சும் சிவப்பும் பிழைப் பக்கங்கள். சேமித்த பக்கத்தின் முகவரியில் வரும் நேர முத்திரையின் 14 இலக்கங்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட மறந்தால் சில நேரம் தேதியே மாறிப்போகும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. திரையில் தெரியும் பக்கம் ஒரே நொடியில் பிடித்தது அல்ல. எழுத்து 2009இலும், அதிலுள்ள படம் 2011இலும் சேமித்ததாக இருக்கலாம். மேல்பட்டையில் 'அபவுட் திஸ் கேப்சர்' என்பதைத் தட்டினால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு முன்பின் என்று காட்டும். அதைப் பார்க்காமல் யாரிடமும் சான்றாக நீட்டாதீர்கள்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், டாம் அல்லது தத்தம் சொந்தக் குறியாக்கத்தில் இருந்தன. எழுத்துருக் கோப்பு சேமிப்பில் விடுபட்டிருந்தால் தமிழுக்குப் பதில் கொம்பும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகள்தான் தெரியும். முகவரியில் 14 இலக்கங்களை ஒட்டி 'ஐடி' என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அடிக்கோடும் (id_) சேர்த்தால், மேல்பட்டை இல்லாத அசல் கோப்பு வரும். அதன் மூலநிரலில் எழுத்துருவின் பெயரைத் தேடி, அதற்கேற்ற யூனிகோடு மாற்றியில் இடுங்கள். சோம்பல்பட்டு சாட்பாட்டிடம் கொடுத்தால், படித்த மாதிரியே பாவனை செய்து கதை கட்டிவிடக்கூடும்.

உள்நுழைந்து பார்க்கும் பக்கங்கள் கிடைக்காது. உருட்ட உருட்ட விரியும் பக்கங்களில் பாதி வெற்றிடம்தான். ஏஐ நிறுவனங்கள் இந்தச் சேமிப்பின் வழியாக ரெடிட்டின் தரவை அள்ளுகின்றன என்று சொல்லி, முகப்பைத் தவிர மற்ற பக்கங்களைச் சேமிக்கவிடாமல் கதவடைப்பதாக 2025 ஆகஸ்டில் அந்த விவாதத் தளம் அறிவித்தது. இயந்திரங்கள் மீதான கோபத்தில் அடைபடுவது நாளைய வாசகரின் வழி.

ஆகவே வேண்டிய பக்கத்தின் முகவரியை அன்றன்றே வேபேக் மெஷினின் 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் இட்டுவிடுங்கள். பக்கத்திலுள்ள இணைப்புகளும் சேர்ந்து சேமிக்கப்பட வேண்டுமானால் இலவசக் கணக்கு தேவை. சேமித்ததும் ஒருமுறை திறந்து, படங்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.