கும்பகோணத்தில் மருந்தைப் பிரித்தறிந்து தரும் ஒரு கடை

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை பெற்ற என் அண்ணனுக்குரிய டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகியவற்றை மகாமகக் குளத்துக்கு அருகேயுள்ள இந்த மருந்துக் கடையில்தான் வாங்கி வருகிறோம். இவைபோல் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளுக்கு இங்கே தனி அலமாரியும் தனி உறையும் உண்டு.

ஆன்டிபயாட்டிக் கிருமியைத் தாக்குகிறது; இம்மருந்துகளோ, பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை அயலானதாகக் கருதித் தாக்கக்கூடிய டி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்களைக் கட்டுப்படுத்துகின்றன, ஆகவே உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது என மருந்தாளுநர் அம்மா பொறுமையாக விளக்கினார். ஒருமுறை பூஞ்சைத் தொற்றுக்கு ஃபுளுகோனசோல் எழுதிய சீட்டை நீட்டியபோது, அது இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்திவிடும் என்று கூறி, சிறுநீரக மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே கொடுத்தார். நாளுக்கு இருவேளை உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் தீர்ந்திருந்த நாளில், மெதுவாக வெளியாகும், நாளுக்கு ஒரே வேளை உட்கொள்ளும் வகையை மாற்றாகத் தர மறுத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். பெயர் ஒன்றானாலும் மருத்துவரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கலாகாது. பிரெட்னிசோலோன்தான் பலரை ஏமாற்றுகிறது: ஆஸ்துமாவுக்கும் தரப்படுவதால், அதிக அளவில் அதுவும் எதிர்ப்பாற்றலை அடக்கும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

குறைகளும் உண்டு. மாலையில் நெடுநேரம் நிற்க வேண்டும், தள்ளுபடி சொற்பமே, மைக்கோஃபீனோலேட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மாற்று உறுப்புடன் வாழ்பவர்கள் இருக்கும் வீட்டாருக்கு, இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.