இரண்டு ஹார்ட் டிஸ்க், கிளவுட், என்ஏஎஸ்: எங்கள் டிடிபி கோப்புகளுக்கு எது ஒத்துவந்தது

மதுரையில் சிறிய டிடிபி கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், வருஷத்துக்குச் சில புத்தகங்கள் என்று வேலை ஓடுகிறது. கடைக் கணக்கு டாலியில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அரை டெராபைட்டைத் தொட்டபோது, பேக்கப்பை முறையாக அமைத்தே தீருவது என்று உட்கார்ந்தோம். மூன்று வழிகளை எடைபோட்டோம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது ஒன்று. கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் காசு கட்டி இடம் எடுப்பது இன்னொன்று. டிஸ்க்குகளைப் பொருத்தி நெட்வொர்க்கில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஏஎஸ் பெட்டியை வாங்கிக் கடையிலேயே வைப்பது மூன்றாவது. நாங்கள் எடுத்தது முதல் வழி. கிளவுடை ஒரே ஒரு வேலைக்குத் துணையாக வைத்திருக்கிறோம்.

பென் டிரைவையும் டிவிடியையும் கணக்கில் சேர்க்கவே இல்லை. பென் டிரைவ் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிக்கு மேல் கொள்ளாது. இப்போது வரும் லேப்டாப்புகளில் டிரைவும் இருப்பதில்லை. எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி நல்ல வேகம், கைதவறி விழுந்தாலும் தாங்கும். ஆனால் அதில் தகவல் நிற்பது மின்னூட்டமாக. கரன்ட் காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும். அதனால் ஓடுகிற வேலைக்கு எஸ்எஸ்டி, சேர்த்துவைக்க ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொண்டோம்.

விலையைப் பற்றியும் நீட்டத் தேவையில்லை. நாங்கள் பார்த்த சமயத்தில் கூகுளில் 2 டிபி இடத்துக்கு மாதம் 650 ரூபாய், வருஷம் கட்டினால் 6,500. ஏறக்குறைய ஒரு 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க்கின் விலை அது. கிளவுடுக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டும், டிஸ்க்குக்கு ஒரு முறை. டிஸ்க்கும் நிரந்தரமல்ல, சில வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும். எனவே காசு மட்டும் இதைத் தீர்மானிக்காது.

தீர்மானித்தது வேறொரு கேள்வி: போட்டு வைத்ததைத் திரும்ப எடுக்கும் நாளில் கைக்கு என்ன வரும்? பேக்கப் எடுப்பது பற்றி எல்லோரும் பேசுகிறோம். எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இதற்காகவே நான் பலரிடம் சொல்வதுண்டு. உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை நம்பிக் கொடுத்துவைக்கும் இடம் அது. அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. கவனித்து நிறுத்துவதற்குள் கிட்டத்தட்ட எல்லாம் போயிருந்தது. பேக்கப் ஏற்பாடு அவர்களிடம் ஒன்றுக்குப் பலவாக இருந்தது. தினமும் எடுக்க வேண்டிய டேட்டாபேஸ் பிரதி, மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படாமலே இருந்திருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய கிளவுட் இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் தோற்றுவிட்டது என்று எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்திருந்த பிரதி கைகொடுத்ததால் பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படியென்றால், திரை ஓரத்தில் ஒளிரும் பச்சை டிக்கை நம்பி நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

டிடிபி தொழிலில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. எங்களிடம் இருக்கும் பழைய புத்தகங்களில் பல, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்தவை. அடோபி அதன் கடைசிப் பதிப்பை 2001இல் வெளியிட்டதோடு சரி. எழுத்தும், எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் பொது முறையான யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில், டேப் என்று வேலைக்கு ஒரு எழுத்துரு. கோப்பு பத்திரமாக இருந்தாலும், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாமினியில் அடித்த ‘அம்மா’ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். முந்நூறு பக்கமும் அப்படியே. படங்களும் அப்படித்தான்: பக்கத்தில் வைத்த படம் பேஜ்மேக்கர் கோப்புக்குள் முழுசாக இருக்க வேண்டும் என்பதில்லை, ‘இந்த ஃபோல்டரில் இருக்கிறது’ என்ற இணைப்பு மட்டும் இருக்கலாம். கோப்பை மட்டும் காப்பி எடுத்தவருக்கு அச்சில் மங்கலான கட்டம்தான் மிஞ்சும். சில பழைய தமிழ் மென்பொருள்கள், சாவி மாதிரி கணினியில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் எங்கள் டிஸ்க்கில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் பேஜ்மேக்கர் அல்லது இன்டிசைன் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள், அச்சுக்குப் போன பிடிஎஃப், யூனிகோடுக்கு மாற்றிய வெறும் உரை, எல்லாம் ஒன்றாக இருக்கும். நாளைக்கு எந்த மென்பொருள் இல்லாமல் போனாலும் அந்த உரைக் கோப்பு திறக்கும். மாதம் ஒரு முறை, கடையின் எழுத்துருக்கள் எதுவும் ஏற்றாத வீட்டு லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகி, ஏதாவது ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, அந்த ஃபோல்டரில் உள்ளதை மட்டும் வைத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கிறோம். ஒற்றுக் கொம்பெல்லாம் சரியாக நின்றால்தான் அது பேக்கப் என்று எங்கள் கணக்கு.

கிளவுட் எங்களுக்குப் பொருந்தாமல் போனதும் இந்த இடத்தில்தான். கூகுள் டிரைவ் மாதிரியான சேவைகள் முதலில் ஒத்திசைவுக்காகச் செய்தவை. கணினியில் இருப்பதே அங்கேயும் இருக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். வேர்டு, பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய வடிவங்களையும் நாமாகக் குறித்து வைக்காவிட்டால் 30 நாளுக்கு மேல் நம்ப முடியாது. அலுவலக வேலைக்கு அது போதும். நம் தொழிலில் ஒரு புத்தகம் அச்சாகி, ஆசிரியர் இரண்டாம் பதிப்புக்கு மூன்று வருஷம் கழித்து வருவார். அந்த ஃபோல்டர் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும். 30 நாள் அவகாசம் அங்கே எதற்கு உதவும்?

நேரமும் இருக்கிறது. 500 ஜிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, ஒரு நொடி தடங்கல் இல்லாமல் ஓடினாலும் 11 மணி நேரம் ஆகும். நடைமுறையில் இரண்டு நாள் என்று வையுங்கள். முகூர்த்த சீசனில் கணினி படுத்துவிட்டால் கல்யாணப் பத்திரிகைக்குக் கொடுத்தவர் இரண்டு நாள் காத்திருக்க மாட்டார். யுஎஸ்பி 3 டிஸ்க்கிலிருந்து அதே அளவு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் கூடுதலாக இழுக்கும்.

கிளவுடின் பெரிய பலத்தை மறுக்கவில்லை. கடையே தண்ணீரில் மூழ்கினாலும் அது வேறு ஊரில் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்தப் பலத்தை நாங்கள் இரண்டாவது டிஸ்க்கால் ஈடுகட்டுகிறோம். ஒன்று கடையில், மற்றது மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் அக்கா வீட்டு பீரோவில். சனிக்கிழமை போகும்போது மாற்றிக்கொண்டு வருவோம். இரண்டையும் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருக்கிறோம், பஸ்ஸில் தொலைந்தாலும் வாடிக்கையாளர் விவரம் வெளியே போகாது. மீட்புச் சாவியைத் தாளில் அச்சடித்து வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். கடவுச்சொல் மறந்து அதுவும் இல்லாவிட்டால் பூட்டியவராலும் திறக்க முடியாது.

காப்பி எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள். அதில் நான் வலியுறுத்துவது ஒரு அமைப்பை: அழிந்த, மாறிய கோப்புகளைத் தூக்கி எறியாமல் தேதியிட்ட தனி ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லலாம். வெறும் மிரர் என்று வைத்தால் கணினியில் நேர்ந்த தவறு டிஸ்க்குக்கும் அப்படியே போய்விடும். டாலியைப் பொறுத்தவரை அதை மூடிவிட்டுக் காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த டேட்டா திரும்பத் திறக்கும் என்று உறுதியில்லை. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது, பாதித்த கணினியோடு செருகியிருந்த டிஸ்க்குகளும் நெட்வொர்க் டிரைவுகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. கழற்றிய டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது.

என்ஏஎஸ்ஸைப் பற்றி என் அனுபவம் குறைவு. நண்பரின் வீடியோ ஸ்டுடியோவில் சில வாரம் பயன்படுத்திப் பார்த்ததோடு சரி. நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே கல்யாண வீடியோவில் வேலை செய்ய அது அருமையான பெட்டி. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்ட் என்ற ஏற்பாடு இருப்பதால், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் ரெய்ட் காப்பது டிஸ்க் சாவதிலிருந்து மட்டும்தான். தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் வசதி சில பெட்டிகளில் உண்டு, அதை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். யுபிஎஸ், அப்டேட், சூடு, தூசி என்று பெட்டியைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் கடையில் அந்த ஆள் இல்லை.

கிளவுடை வைத்திருப்பது அன்றாட வேலைக்கு. இந்த வாரம் கையில் இருக்கும் பத்திரிகைகள், திருத்தம் போய்க்கொண்டிருக்கும் அத்தியாயங்கள், டாலியின் அன்றைய பேக்கப் ஆகியவை இலவச 15 ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு சனிக்கும் அடுத்த சனிக்கும் நடுவில் கணினி போனால் அந்த இடைவெளியை அது நிரப்பும். அதே 15 ஜிபியில் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பங்கு கேட்கும் என்பதால் கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உங்களிடம் இருப்பது மொத்தமே 50 ஜிபி ஆவணங்கள், பழைய எழுத்துருத் தொல்லை இல்லை, வெளியூரிலிருந்தும் வேலை பார்க்க வேண்டும் என்றால் நாங்கள் பார்த்தபோது வருஷம் 1,300 ரூபாயாக இருந்த 100 ஜிபி கிளவுட் எடுங்கள், கூடவே ஒரே ஒரு டிஸ்க். வீடியோ ஸ்டுடியோ என்றால் என்ஏஎஸ் வாங்குங்கள், அதற்கும் பேக்கப்பாக வெளியே ஒரு பெரிய டிஸ்க் வையுங்கள். எங்களை மாதிரி பத்து, பதினைந்து வருஷப் புத்தகங்களைச் சுமக்கும் டிடிபி கடை என்றால் இரண்டு டிஸ்க். வாங்கும்போது வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாதம் பார்த்து வாங்குங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒரே சமயத்தில் மக்கர் செய்யும் வாய்ப்பு அதில் குறையும்.