மும்பையில் மூன்று வீடு, நாலு கரண்ட் கம்பெனி

ஊரிலிருந்து சித்தப்பா வரும்போதெல்லாம் ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க கரண்ட் தனியார்தானேப்பா, அதான் போறதே இல்ல. நம்ம ஈபியையும் தூக்கிக் குடுத்துடணும்" என்பார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று வாடகை வீடு மாறியதில் அரசு, மாநகராட்சி, தனியார் எல்லோரிடமும் கரண்ட் வாங்கிப் பார்த்தாகிவிட்டது.

மாட்டுங்காவில் பெஸ்ட். சிவப்பு பஸ் விடுகிறதே, அதே பெஸ்ட்தான். 1947-இல் மாநகராட்சி கைக்கு வந்தது, இன்றைக்கும் மாநகராட்சியுடையதுதான். அந்த வீட்டில் கரண்ட் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேபிளெல்லாம் தரைக்கடியில் போகிறது, மழையில் மரம் சாய்ந்தால் அறுந்து விழக் கம்பியே கிடையாது. சித்தப்பா ஃபேனைப் பார்த்து முதன்முதலில் வியந்தது இந்த வீட்டில்தான், அதாவது சுத்தமான சர்க்கார் கரண்டில்! குறை இல்லாமல் இல்லை. பஸ் ஓட்டி வந்த நஷ்டத்தில் ஒரு பகுதியைக் கரண்ட் பில்லில் ஏற்றி வாங்கிய காலம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் அதே கம்பியில் வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அதற்கும் வழியில்லை, உள்ளாட்சி அமைப்பு என்பதால் தன் கம்பியில் மற்ற கம்பெனியை விடவேண்டியதில்லை என்று 2003 மின்சாரச் சட்டமே அவர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது.

செம்பூர் கதைதான் வேடிக்கை. அங்கே கம்பி முன்பு ரிலையன்ஸுடையது, 2018-இலிருந்து அதானியுடையது. ஆனால் 2008-இல் உச்ச நீதிமன்றம் டாடா பவரும் வீடுகளுக்கு நேரடியாக விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, கம்பியை மாற்றாமலே டாடாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் அப்படி மாறியவர். பில் டாடாவிடமிருந்து வரும், கரண்ட் போனால் சரிபார்க்க வருவது கம்பிக்காரரின் ஆள், அந்தக் கம்பிக்கு வாடகை மாதிரி வீலிங் சார்ஜ் என்று பில்லில் தனியாக ஒரு வரி. இந்தியாவில் ஒரு சாதாரண வீட்டுக்காரருக்கு இப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? எனக்குப் பிடித்ததும் அதுதான், முதலாளி யார் என்பதெல்லாம் அப்புறம்.

முலுண்ட் மும்பைக்குள் இருந்தாலும் கரண்ட் மட்டும் மாநில அரசின் மகாவிதரண். மாநிலத்தின் கிழக்கே விதர்பாவில் பருத்திக்காட்டு பம்புக்கு மலிவாகக் கரண்ட் கொடுப்பதும் இவர்கள்தான். அந்த மலிவு விலையின் பாரத்தில் கொஞ்சம் மற்ற நுகர்வோர் தலையில் விடிகிறது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, ஊரில் எங்கள் பம்புசெட்டுக்கும் அப்படித்தானே யாரோ கட்டுகிறார்கள்.

பில்லில் ஏமாந்த கதை ஒன்றும் உண்டு, எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வராமல் குளிர்கால மாதங்களின் சராசரியைப் போட்டுக்கொண்டே வந்து, ஜூனில் மொத்தமாக எடுத்தபோது நாலு மாதச் சம்பளத்தை ஒரே நாளில் கேட்கிற மாதிரி ஒரு தொகை வந்தது. தவணையில்தான் கட்டி முடித்தேன். அந்தச் சமயம் அரசு, தனியார் பேதமில்லாமல் மும்பை முழுக்க இதே புலம்பல்தான். அதே வருஷம் அக்டோபர் 12 காலையில் மாநில அரசின் டிரான்ஸ்மிஷன் லைன் கோளாறில் லோக்கல் ரயில் உட்பட எல்லாம் நின்றபோதும், தனியாருக்குப் பில் கட்டுகிறவன் வீட்டு ஃபேனும் சேர்ந்தேதான் நின்றது.

இன்னொன்று, விலையை இவர்களில் யாரும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. அதன் மேல் 16 சதவீத மின்வரி அரசுக்கு, யாரிடம் வாங்கினாலும்.

நட்சத்திரம் கேட்டால் பெஸ்டுக்கு நாலு, செம்பூர் ஏற்பாட்டுக்கும் நாலு, மகாவிதரணுக்கு மூன்று. மும்பையில் வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மே மாத பில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், டிசம்பர் பில்லைக் காட்டினால் நம்பாதீர்கள்.